செவலையின் வலது முன்கால்

சேசு மரி சூசை துணை

அரியலூர்,
5-3-1944

அன்புள்ள மகன் பாக்கியராஜுக்கு அப்பா சவரிமுத்து எழுதுவது.

வீட்டில் எல்லோரும் சுகம். பட்டாளத்தில் உன் சுகத்தை அறிய வேண்டும். அம்மாவுக்கு நீ போட்ட கார்டு வந்தது. நாலு தடவை படித்துப் பார்த்தேன், என்னைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. இருக்கட்டும். அதில் கண்ட நம்பரைப் போட்டு இதை எழுதுகிறேன். நடுவில் யாரோ துரை பிரித்துப் படிப்பாராம். படிக்கட்டும், குதிரைச் சங்கதிதான்.

செவலைக்கு இன்னும் குணமில்லை. வலது முன்காலைத் தரையில் ஊன்றவே மாட்டேன் என்கிறது. நீ ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பிய நாளிலிருந்து இதே கதை. கல்லும் குழியுமான ரோட்டில் ஒரே நாளில் போக வர விரட்டினால் எந்தக் குதிரைதான் தாங்கும்? நடந்தது நடந்துபோயிற்று, அதைக் கிளற இதை எழுதவில்லை. முட்டியில் சுளுக்கு என்று எண்ணெய் போட்டேன், ஒத்தடம் கொடுத்தேன். கேட்கவில்லை. முட்டிக்கு மேலே சூடும் போட்டேன். அதிலிருந்து என்னைக் கண்டாலே சுவரோடு ஒண்டிக்கொள்கிறது. கொள்ளு கிடைப்பதே கஷ்டமான இந்தச் சண்டைக் காலத்தில், தேடிப் பிடித்து வேகவைத்து வைத்தால் முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

பெரம்பலூரிலிருந்து மாட்டு டாக்டர் வந்தார். காலைத் தொடப் போனவரை உதைக்க வந்தது. சூட்டுத் தழும்பைப் பார்த்துவிட்டு அவர் என்னைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. பயந்த குதிரை தின்னாது, தின்னாத குதிரைக்குக் கால் ஆறாது, அது தானாகக் காலைக் கொடுக்கிற வரைக்கும் அதன் முன்னால் கத்தக் கூடாது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் கூடாது, சிரித்த முகமாக இருந்து பழக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். நீங்க சிரிச்சு நானே பாத்ததில்ல, குதிரை எங்கேருந்து பாக்கப்போவுது என்கிறாள் உன் அம்மா. நீ போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

தினமும் காலையில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து தன்மையாகப் பேசிப் பார்க்கிறேன். நல்ல வார்த்தை இரண்டு பேசுவதற்குள் எனக்கு வேர்த்துவிடுகிறது. வார்த்தை தீர்ந்ததும் பாட்டு. சேசு பாடுபட்டதை நினைக்கிற தபசு காலத்துப் பாட்டெல்லாம் அழுகைப் பாட்டு, அது குதிரைக்கு ஆகாது என்று சேசு பாலன் பிறந்த பாட்டுகளைப் பாடினேன். தெருவில் போன கோயில் உபதேசியார் நின்று கேட்டுவிட்டு, தபசு காலத்துல இது என்ன கூத்து என்று நேரே பங்குச் சாமியாரிடம் போய்ச் சொல்லிவிட்டார். சாமியார் கூப்பிட்டனுப்பி விசாரித்தார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். மெதுவாகப் பாடு என்றார்.

நேற்று செவலை ஒரு பிடி கொள்ளு தின்றது. உடம்பைப் பார்த்துக்கொள். அம்மாவுக்காவது அடிக்கடி கார்டு போடு.

இப்படிக்கு,
அப்பா சவரிமுத்து


சேசு மரி சூசை துணை

அரியலூர்,
12-4-1944

பிரியமுள்ள மகன் பாக்கியராஜுக்கு,

போன கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. அது உன் கையில் கிடைத்திருந்தால் கிழித்துப் போட்டுவிடு. கிடைக்காமல் போயிருந்தால் ரொம்ப நல்லது. அதில் உன்மேல் நான் சொன்ன குறை அத்தனையும் பொய்.

பெரிய வியாழக்கிழமை காலையில் செவலை தானாகக் காலைக் கொடுத்தது. ஒரு மாதமாக முதலில் கழுத்து, அப்புறம் தோள், அப்புறம் முட்டி என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தொடவிட்டிருந்தது. அன்றைக்குக் குளம்பை என் மடியில் வைத்துக் கழுவினேன். லாடத்தின் வெளிப்பக்கம், மூன்றாவது ஆணிக்கு அருகில் கறுப்பாக ஒரு புள்ளி. விரலால் அழுத்தினேன், குதிரை உடம்பெல்லாம் நடுங்கிற்று. லாடம் அடிக்கிற மாயவனைக் கூட்டிவந்து கழற்றச் சொன்னேன். ஆணியோடு சீழ் கொட்டியது. மாயவன் ஆணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது நான் அடிச்சதில்லைங்களே, கோணலா உயிர்ச்சதையில ஏறியிருக்கு, யாரு அடிச்சதுங்க என்று கேட்டான்.

நான்தான் அடித்தேன். நீ ஏலாக்குறிச்சி போவதற்கு இரண்டு நாள் முன்னால் லாடம் கழன்றுவிட்டது. மாயவன் ஆண்டிமடம் போயிருந்தான். அவன் வருகிற வரைக்கும் பொறுக்க என் குணத்துக்கு முடியவில்லை.

நீ புறப்படும்போதே சொன்னாய். காலை இழுக்குதுப்பா, இன்னைக்கு வேணாம்ப்பா என்றாய். கரி போட்டு ஓட்டுகிற பஸ் அன்றைக்கும் நின்றுபோய்விட்டது, நேர்ச்சைக்குப் போகிறவர்கள் மூட்டையோடு காத்திருந்தார்கள். சோம்பேறி என்று உன்னைத் திட்டி ஓட்டச் சொன்னவன் நான். சாயங்காலம் குதிரை நொண்டிக்கொண்டு வந்ததும், ரயிலடியில் வண்டிக்காரர்கள் அத்தனை பேர் நடுவில் சாட்டைக் காம்பால் உன்னை அடித்தவனும் நான். இருபது வயதுப் பிள்ளை, நீ கையைக்கூடத் தூக்கவில்லை. நாலாம் நாள் திருச்சிக்குப் போய்ப் பட்டாளத்தில் பெயர் கொடுத்துவிட்டாய்.

வலி குளம்பில் இருக்க, முட்டியில் சூடு போட்டிருக்கிறேன். அந்த இடத்தில் இனி மயிர் முளைக்காதாம். தேய்த்துவிடும்போதெல்லாம் கையில் தட்டுப்படுகிறது.

இந்த ஒரு மாதத்தில் குதிரையிடம் பேசிய நல்ல வார்த்தையில் கால்வாசியாவது இருபது வருஷத்தில் உன்னிடம் பேசியிருக்கிறேனா என்று யோசித்தேன். இல்லை. எனக்கு அப்படியெல்லாம் பேச வராது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வருகிறது. அதுதான் தாங்க முடியவில்லை.

உப்புத் தண்ணீரில் குளம்பை ஊறவைத்து இரண்டு வேளையும் கட்டுகிறேன். அதன் முன்னால் இப்போதும் சிரித்த முகம்தான், அதில் குறை வைப்பதில்லை. அழுகை வந்தால் கொல்லைப் பக்கம் போய்விட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வருகிறேன். உயிர்த்த ஞாயிறு அன்று நாலு காலையும் ஊன்றிக் கிணற்றடி வரைக்கும் நடந்தது. அம்மா பார்த்துவிட்டு, இதைப் பாக்க எம்புள்ளை இல்லையே என்று சொன்னாள்.

அன்றைக்கே ரயிலடிக்குப் போனேன். நீ அடிபட்டதைப் பார்த்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள். தப்பு என்னுது, எம்மவன்மேல ஒண்ணுமில்ல என்று சொன்னேன். வண்டிக்கார நல்லுசாமிதான், எங்ககிட்ட சொல்லி என்னங்க ஆவப்போவுது, அவங்கிட்ட சொல்லுங்க என்றான். அதனால்தான் எழுதுகிறேன். என்னை மன்னித்துக்கொள் பாக்கியராஜ்.

லீவு கொடுத்தால் வா. என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் அம்மாவைப் பார்க்கவாவது வா, நீ இருக்கிற மட்டும் நான் வெளியே இருந்துகொள்கிறேன். திட்டி எழுதுவதானாலும் என் பெயருக்கே எழுது.

நீ ரயிலேறிய அன்றைக்கு நான் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பட்டாளத்துக்குப் போகிற பிள்ளையின் நெற்றியில் சிலுவை போடாமல் அனுப்பிய தகப்பன் இந்தப் பங்கிலேயே நான் ஒருவன்தான். இந்தக் காகிதத்தின் அடியில் ஒன்று போட்டிருக்கிறேன். படித்து முடித்ததும் இதை உன் நெற்றியில் ஒரு நிமிஷம் வைத்துக்கொள், மகனே.

இப்படிக்கு,
உன் அப்பா

✝