ஷைஸ்தாவின் காலில் வெட்டின தோல்

வில்லியனூர்

அன்பு மகன் மாலிக்குக்கு அத்தா எழுதுறது, அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்டவன் கிருபையில நானும் உங்கம்மாவும் நல்லா இருக்கோம், ஷார்ஜாவுல நீயும் நல்லாத்தான் இருப்பே. உன் பொண்டாட்டி ஷைஸ்தாதான் நல்லா இல்ல. போன்ல சொன்னா பாதியில கட் பண்ணிடுவே, அதான் எழுதுறேன்.

அவ கால்ல செவப்பு செவப்பா புள்ளி வந்ததை வீடியோ கால்ல பார்த்ததும், எவன்கிட்ட வாங்கினாளோன்னு குடும்ப குரூப்புல வாய்ஸ் போட்டியே, அதை அவளும்தான் கேட்டா. கெட்ட வியாதி டெஸ்ட்டு எடுக்கச் சொன்னே, எடுத்தா, ஒண்ணுமில்லன்னு வந்துச்சு. வேற லேப்ல பாருன்னே, அங்கயும் ஒண்ணுமில்ல. அதுக்குள்ள உங்கம்மா அவளுக்குத் தட்டு, டம்ளர் எல்லாம் தனியா வெச்சுட்டா. காலு வீங்கிப்போய் கடை வாசல்ல வந்து நின்னா, நான் ஷட்டரை இறக்கிட்டு, உங்கம்மாவையும் இழுத்துக்கிட்டு பாண்டிக்குத் தோல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன்.

அந்த டாக்டரம்மா புள்ளி மேல கண்ணாடிய வெச்சு அழுத்திப் பார்த்தாங்க, செவப்பு மறையல. தோல்ல இருக்குற சின்ன ரத்தக் குழாய் புண்ணாயி ரத்தம் கசியுதுன்னாங்க. ரெண்டு துண்டு தோல் வெட்டினாங்க. ஒண்ணு கெடாம வெக்கிற பார்மலின் மருந்துல போட்டு மைக்ராஸ்கோப்புல பாக்க, இன்னொண்ணு வேற தண்ணியில போட்டு, மருந்து ஏத்தி பச்சையா மின்னுதான்னு பாக்க. அங்க யாரோ ரெண்டையும் பார்மலின்லயே போட்டுட்டாங்க. அதுல போட்டா மின்னாதாம், அந்த டெஸ்ட்டுக்குப் பழைய புள்ளியும் உதவாதாம். புதுசா புள்ளி வர்ற வரைக்கும் காத்திருந்து திரும்பவும் வெட்டினாங்க. அவ கத்தல. இதுல வர்றதாவது அவருக்குப் போதுமா மாமான்னு மட்டும் கேட்டா.

குழாய்ச் சுவர்ல, நோயை எதிர்க்க ரத்தத்துல இருக்குற ஐஜிஏன்னு ஒண்ணு படிஞ்சு மின்னுச்சாம். அவ உடம்புல இருக்குற காவலே அவளைக் கடிக்குதாம். இது ஒட்டாது, யார்கிட்டேருந்தும் வராதுன்னு டாக்டரம்மா சொன்னப்ப உங்கம்மா தரையைப் பார்த்துக்கிட்டு இருந்தா. மூத்திரத்துல ரத்தம் போகுது, கிட்னியும் கெட ஆரம்பிச்சிருச்சு, இவ்ளோ நாளா இன்னா பண்ணீங்கன்னு கேட்டாங்க. எம் புள்ள அவளைச் சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தான்னு சொன்னேன்.

ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு, சரி, மன்னிச்சிட்டேன்னு சொல்லுங்கன்னு மெசேஜ் போட்டே. சொன்னேன். அவ சிரிச்சா. மன்னிப்பை அவரே வெச்சுக்கட்டும், என்னை விடச் சொல்லுங்க மாமான்னா. இப்ப பாகூர்ல அவங்கம்மா வூட்ல இருக்கா. வர்ற வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் ஜமாத்துல உன்கிட்டேருந்து பிரிஞ்சுபோக குலா கேக்கப் போறா. அவளுக்கு அத்தா இல்ல. பக்கத்துல நின்னு பேசப்போறது நான்தான். நீ போட்ட வாய்ஸை அங்க போட்டுக் காட்டுவேன்.

வெயில்ல அலையாதே, வேளைக்குச் சாப்பிடு. ஜமாத்துலேருந்து போன் வந்தா மறக்காம எடு. ஆண்டவன் உனக்கு நீண்ட ஆயுசு குடுக்கட்டும், பண்ணினதை நெனச்சுப் பாக்க அது வேணும்.

உன்னைப் பெத்த அத்தா,
ஹமீது