செய்தித்தாளில் சுற்றிய நெய்யுருண்டை

கோலா சாவா,
செவ்வாய்க்கிழமை மாலை

அன்பு மகள் பமீலாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை, மழைக்கு முழங்கால் மட்டும் முனகுகிறது. சரவாக்கில் அந்த ஆற்றோரப் பள்ளியில் பாடம் நடத்தும் நீயும் உன் விடுதிப் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் செபிக்கிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். அங்கே லைன் கிடைக்கிற நேரமெல்லாம் நீ அவசரத்தில் இருக்கிறாய், இதுவோ அவசரமாகச் சொல்லக்கூடிய சேதி இல்லை. அதுவும் போக, போன தடவை பேசும்போது ஒன்றைப் பெருமையாகச் சொன்னேனே, அது தவறு. அதைத் திருத்தத்தான் எழுதுகிறேன்.

வருடக் கடைசியில் பள்ளி முடிந்த அன்று சாயங்காலம் வாசல் தூணில் ஒரு பை தொங்கியது, யாரோ பழைய மாணவர் என்னை மறக்கவில்லை என்று சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? நீகூட, பார்த்தீங்களாப்பா, நீங்கதான் ஒருத்தரும் வரலைன்னு புலம்புறீங்க என்று சிரித்தாய். அப்படி நினைத்ததற்குக் காரணம் இருந்தது. உள்ளே இருந்த டப்பா செய்தித்தாளில் சுற்றியிருந்தது, பெயரே இல்லை, ஆசிரியருக்கு நன்றி என்று மட்டும் ஒரு அட்டையில் கலர் பென்சிலால் எழுதியிருந்தது. ரப்பர் தோட்டப் பள்ளியில் நான் வைத்திருந்த வழக்கம் அது. ஒரு வருடம் தோட்டக் கணக்கெழுதும் கிராணியின் மகன் சுவர்க் கடிகாரம் கொண்டுவந்தான், பால்மரம் வெட்டுகிற வீட்டுப் பெண் ஒரு முட்டையைக் கையில் பொத்தியபடி கதவோரம் நின்று, கொடுக்காமலே திரும்பிவிட்டாள். அடுத்த வருடத்திலிருந்து எதுவானாலும் செய்தித்தாளில் சுற்றி, பெயர் எழுதாமல், எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைக்கவேண்டும் என்று சொல்லிவிட்டேன். வேறு யாருக்கு இந்தப் பழக்கம் தெரியும்? அதனால் சந்தேகப்படாமல் டப்பாவைத் திறந்தேன். நெய்யுருண்டை. உன் அம்மா கண்மூடிய பிறகு இந்த வீட்டில் நெய்யுருண்டை வாசனை வந்ததே இல்லை. சர்க்கரை வியாதியை மறந்து தின்றேன், திட்டாதே.

பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருக்கும் விமலா டீச்சரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், கெடாவிலிருந்து முதல் வருடம் வேலைக்கு வந்த பெண். நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், வாசலில் ஒரே தூண். மறுநாள் அந்தப் பிள்ளை தன் அம்மாவிடம் போனில் அழுதது சுவர் வழியாகக் கேட்டது. ஒரு புள்ளகூட திரும்பிப் பாக்காம பஸ் ஏறிப் போச்சும்மா, ஒரு வருசம் தொண்டை கிழியக் கத்தினேன், மாத்தலெல்லாம் வேணாம், வேலையையே விட்டுட்டு வந்துர்றேன் என்றாள். பாவம் என்று நினைத்துக்கொண்டே நான் இன்னொரு உருண்டையை எடுத்தேன் பமீலா. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பசாரில் ரோகினியைப் பார்த்தேன். என்னிடம் படித்தவள், இப்போது கையுறைத் தொழிற்சாலையில் வேலை, அவள் மகள் படிப்பது விமலா டீச்சரின் வகுப்பில். சார், டீச்சர் நெய்யுருண்டையப் பத்தி எதாச்சும் சொன்னாங்களா, வகுப்புல குடுக்க வெக்கமா இருக்குன்னு எங்க குட்டி தூணுல மாட்டிட்டு ஓடியாந்துருச்சு, டீச்சருக்குப் புடிச்சுதா புடிச்சுதான்னு உசுர வாங்குது லா என்றாள். மீன்காரன் நீட்டிய பையை வாங்காமல் அவள் பக்கம் திரும்பினேன். பெயர் எழுதியிருக்கக் கூடாதா அம்மா என்று கேட்டேன். நீங்கதானே சார் எழுதக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்தீங்க என்றாள். உள்ளதைச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு கவலையானாள். சீக்கிரம் போங்க சார், டீச்சர் ஊருக்குக் கிளம்பிறப் போறாங்க என்றாள்.

டப்பாவில் மிச்சம் மூன்று. அந்தத் தாளையே நீவிச் சுற்றிக்கொண்டு போய்க் கூப்பிட்டேன். பெட்டி கட்டி ஹாலில் வைத்திருந்தாள். நடந்ததைச் சொல்லும்போது, பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி எனக்கு வியர்த்தது. அவள் சிரித்தாள், மூணாச்சும் மிச்சம் வச்சீங்களே சார் என்றாள். பிறகு அந்த அட்டையைப் படித்தாள். நாலு வார்த்தைகூட இல்லை, ஆனால் வெகுநேரம் படித்தாள். வருசம் பூரா வாயே தொறக்காத புள்ள சார் அது என்றாள். முட்டைக்காரப் பெண் கதையைச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வேலையை விடாதே என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்லும் யோக்கியதை அன்று எனக்கில்லை.

மறுநாள் காலை கிராப் டாக்சி வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனது. கதவைத் திறந்தபோது தூணில், என் வீட்டுப் பக்கமாக, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். பெயரில்லை. இந்தத் தடவை எந்தப் பக்கம் என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டேன். உள்ளே ஒரே ஒரு நெய்யுருண்டையும் அவள் வீட்டுச் சாவியும் இருந்தன. பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், பள்ளி திறக்கும்போது வாங்கிக்கொள்கிறேன் என்று ஒரு துண்டுத் தாள்.

இப்போது அந்தப் பக்கம் டிவி சத்தமும் இல்லை. கிறிஸ்துமஸ் குடிலை எடுத்துத் துடைத்தேன், ஒருவனுக்காக எதற்கு என்று திரும்ப மூடிவைத்தேன். நீ வருவதென்றால் விரிக்கலாம். விடுதிப் பிள்ளைகளோடு இருக்கவேண்டியிருந்தால் இரு, நான் கோபிக்கமாட்டேன். இங்கே என்னை யார் நினைக்கிறார்கள் என்று போனில் சொன்னாயே, அதுதான் மனதில் நிற்கிறது. ஊருக்குக் கிளம்புவதற்குள் விடுதிச் சமையல்கார அம்மாவுக்கும் படகுக்காரருக்கும் உன் வாயால் நன்றி சொல். கதவைப் பூட்டும்போது வெளிப்பக்கக் கைப்பிடியைப் பார், படிக்கட்டைப் பார். கூச்சப்படுகிற பிள்ளைகள் தட்டமாட்டார்கள். பெயரில்லாமல் ஏதாவது இருந்தால் உன்னுடையது என்றே எடுத்துக்கொள். தவறாக இருந்தால் திருப்பிக் கொடுத்துக்கொள்ளலாம், எனக்குப் பழக்கமாகிவிட்டது.

அன்னை மரியாள் உன்னை நிழல்போலக் காக்கட்டும். படகில் ஏறும்போது லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொள், மறக்காதே.

உன் அப்பா,
ஆம்புரோஸ்