தையற்காரிக்கு ஊசி வைத்தியம்

இடுப்பிலிருந்து கணுக்கால்வரை சுண்டி இழுத்த நரம்பு வலியோடு, அக்குபஞ்சர் வைத்தியரிடம் கிளம்பினாள் தையற்காரி. "எல்லாம் ஏமாத்து வேலை" என்று முந்தின நாள் கத்திய கணவன் தூங்கிக்கொண்டிருந்தான். சீட்டு எழுதி வைத்தாள்.

"சோறு அடுப்பு மேல இருக்கு. சட்டை வாங்க டீச்சர் வருவாங்க, மிஷின் மேல இருக்கிறதக் குடுத்துடுங்க. தெருமுனை ஊசி வைத்தியர்கிட்ட போறேன். உங்களக் கூப்பிடல."

செருப்பை மாட்டியவள் திரும்பி வந்து, அடியில் நுணுக்கி எழுதினாள்:

"எனக்கும் பெரிய நம்பிக்கை இல்லங்க. ஆனா உக்காந்து தைக்க முடியல. நாள் பூரா ஊசியோட கிடந்தாலும், உடம்புல குத்துறாங்கன்னா பயமாத்தான் இருக்கு."

வைத்தியர் முதல் ஊசியை எடுத்தபோது கணவன் மூச்சிரைக்க உள்ளே வந்தான்.

"நான் இதை இன்னும் நம்பல, சொல்லிட்டேன்" என்றபடி கையை நீட்டினான். அவள் அதை இறுகப் பற்றிக்கொண்டாள்.