லாபம், ரெண்டு, மூணு

அன்புள்ள உங்களுக்கு,

சென்னைக்குக் கிளம்பும்போது கேட்டீர்களே, அந்தக் கணக்கை முடித்துவிட்டேன். தங்கச் சுரங்கக் கம்பெனியின் பங்கு சந்தையில் இருநூற்றுப் பத்து ரூபாய்க்குப் போகிறது. என் கணக்கில் அதன் நியாயமான மதிப்பு தொண்ணூறைத் தாண்டவில்லை.

ஆடிட்டர் ஆபீசில் மற்றக் கம்பெனிகளுக்குப் போடுவது போலத்தான் போட்டேன். பூமிக்குள் தங்கம் இருப்பது உண்மை. வெட்டி எடுக்கும் செலவையும் கடனையும் கழித்து, பல வருடம் கழித்து வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்து, பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தேன். உங்களுக்காக மறுபடியும் போட்டுப் பார்த்தேன். ஏறவில்லை.

நேற்று போனில், "முதல் வருஷமே லாபம்னு உன் வாயாலதானே சொன்னே?" என்று கத்தினீர்கள். நீங்கள் கிளம்பிய அன்று நான் சுரங்கத்தின் வருடங்களை வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். நீடாமங்கலத்தில் எங்கள் களத்தில் நெல் அளக்கும்போது ஒன்று என்று சொல்ல மாட்டோம். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் எண்ணுவோம். அது நாக்கிலேயே தங்கிவிட்டது. அந்தச் சுரங்கத்துக்கு முதல் வருடம் நஷ்டம்தான்.

ஆகையால் அப்பா எனக்கு எழுதிவைத்த வயலை விற்று அதில் போடக் கையெழுத்துப் போட மாட்டேன். கையெழுத்து இல்லாவிட்டால் ஊர்ப்பக்கம் வரமாட்டேன் என்று நீங்கள் சொன்னதும் நினைவிருக்கிறது.

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. குறுவை நட்டாகிவிட்டது.

நேற்று சாப்பாட்டுக்குத் தட்டு எடுக்கும்போது பழக்கத்தில் எண்ணினேன். லாபம் என்றேன். அதற்கு மேல் எண்ணத் தட்டு இல்லை.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக் கணக்குப்பிள்ளை