சந்தனப் பொட்டு வைத்த பேரேடு

அக்கா,

இன்று காலைத் தபாலில் சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து ஒரு பழுப்பு உறை வந்தது. உங்கள் பசுவந்தனை நிலத்துக்கு நாம் கேட்டிருந்த வில்லங்கச் சான்று. பிரித்ததும் முத்திரை மையின் வாசனை அடித்தது. வரும்வரை காத்திருக்கலாம் என்று சொன்னவர் நீங்கள்தான். நீங்கள் போய் இன்றோடு நாற்பத்தொரு நாள் ஆகிறது.

போனவர்களுக்கு எழுதினால் அது போய்ச் சேரும் என்று நம்புகிறவள் அல்ல நான். உங்களுக்கும் அது தெரியும். ஆனால் இந்தச் சான்று வந்துவிட்டது என்பதை முதலில் உங்களிடம்தான் சொல்ல வேண்டும். வேறு யாரிடம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பெண்கள் பள்ளியில் வேலை கிடைத்துக் கோவில்பட்டிக்கு வந்து, உங்களுக்குப் பக்கத்து வீட்டில் நான் குடியேறிய முதல் வாரமே என்னைக் கேலி செய்யத் தொடங்கிவிட்டீர்கள். காய்கறிக்காரியிடம் நான் கொத்தமல்லிக் கட்டை அவிழ்த்து, உள்ளே அழுகல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவதை உங்கள் வாசலில் நின்று பார்த்திருக்கிறீர்கள். "மதராஸ்ல போயி இதுக்குத்தான் படிச்சியாட்டி?" என்று கேட்டீர்கள். பொருளாதாரம் படித்தேன் என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான் போலருக்கு" என்றீர்கள். உங்கள் வீட்டுக்காரர் ஜவுளிக்கடையிலிருந்து வந்ததும் அதை அவரிடமும் சொல்லிச் சிரித்தது சுவர் தாண்டிக் கேட்டது.

அவர் ஆனி மாதத்தில் இறந்தார். கடையில் இருந்த துணிகளை உங்கள் தம்பி நாகலாபுரத்திலிருந்து வந்து மொத்தமாக விற்றுக் கொடுத்தார். அந்தப் பணமும் குடியிருந்த வீடும்தான் உங்கள் கையில் மிஞ்சியவை. நீங்கள் இத்தாவில் இருந்தீர்கள். நான்கு மாதமும் பத்து நாளும் வாசல்படி தாண்டக் கூடாது, அயல் ஆண்கள் கண்ணில் படக் கூடாது. பள்ளி விட்டதும் நான் உள்ளறைக்கு வந்து, ஊரில் நடந்ததைச் சொல்லிவிட்டுப் போவேன்.

அப்போதுதான் அந்தத் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி வந்தார். உங்கள் வீட்டுக்காரரிடம் பல வருடம் துணி எடுத்தவர். நான் பள்ளியில் இருந்த நேரத்தில் முன்னறையில் உட்கார்ந்து, கதவுக்குப் பின்னால் இருந்த உங்களிடம் பேசினார். போன வருடம் நல்ல லாபம் என்றும், தீபாவளிக்கு முன் மருந்துச் சரக்கு வாங்கியாக வேண்டும் என்றும், பணம் போட்டால் மாதாமாதம் வட்டி வீடு தேடி வரும் என்றும் சொன்னார். நீங்கள் கதவுக்குப் பின்னால் இருந்தே, "வட்டி எங்களுக்கு ஆகாது அண்ணாச்சி. லாபத்துல பங்குன்னா சொல்லுங்க" என்றீர்கள். அவர், அப்படியே பங்குப் பத்திரம் எழுதிவிடலாம் என்றார்.

நான் பள்ளி விட்டு வந்ததும் நடந்ததைச் சொல்லிவிட்டு, என்னிடம் சொன்னீர்கள்: "நான் போயிப் பாக்க முடியாது. தம்பிக்குக் கணக்கு வழக்கு தெரியாது. நீ கொத்தமல்லிக் கட்டையே அவுத்துப் பாக்குறவ. போயிட்டு வா. கணக்குப் புத்தகத்தப் பாத்துட்டு வந்து நீ சரின்னு சொன்னா போடுதேன்."

எனக்குக் கிடைத்த விடுமுறை சரஸ்வதி பூஜை நாள். அன்றுதான் போனேன். ஆபீஸைக் கழுவி விட்டிருந்தார்கள். குச்சி அடுக்கும் சட்டங்களுக்கெல்லாம் குங்குமம். பெட்டி ஒட்டும் பெண்கள் புதுச்சேலையில் வந்து பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். முதலாளியின் அறையில் ஒரு பலகை மேல் பேரேடுகளை அடுக்கி, மேலே இருந்த சிவப்பு அட்டைப் பேரேட்டுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, செவ்வந்திச் சரம் சாத்தியிருந்தார்கள். கணக்கைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "இன்னைக்குத் தொடக் கூடாதுல்லா டீச்சர். நாளைக்குப் பிரிச்சிருவோம், வாங்க. எல்லாம் உங்களுக்காவத்தான் இருக்கு" என்றார். சுண்டலை இலையில் வைத்துக் கொடுத்தார்.

எனக்கு அந்தப் பூஜையில் நம்பிக்கை இல்லை. வீட்டில் அதே நாளில் புத்தகம் படித்து அம்மாவிடம் திட்டு வாங்கியவள் நான். அங்கே மட்டும், அத்தனை பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, சரத்தை எடுத்து வைத்துவிட்டு அட்டையைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. அது மரியாதையா கூச்சமா என்று இன்றும் தெரியவில்லை. அதற்காகக்கூட என்னை நான் மன்னித்துக்கொள்வேன். மறுநாளும் விடுமுறைதான். நான் போகவில்லை. நல்ல வெயில், இரண்டு மைல் நடை. சரக்கறை நிறையப் பெட்டிக் கட்டுகளைப் பார்த்திருந்தேன், இத்தனை பேருக்கு வேலை நடப்பதைப் பார்த்திருந்தேன். இதற்கு மேல் என்ன என்று தோன்றியது.

அன்று சாயங்காலம் உள்ளறையில் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்து நீங்கள் கேட்டீர்கள், "கணக்கெல்லாம் பாத்தியா?" என்று.

நான் ஆமென்று தலையை அசைத்தேன்.

அவ்வளவுதான் அக்கா. ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. உங்கள் இத்தா முடியப் பன்னிரண்டு நாள்தான் பாக்கி இருந்தது. இரண்டு நாளில் நீங்கள் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டீர்கள்.

ஆறு மாதம் லாபம் என்று ஏதோ வந்தது. எட்டாவது மாதம் ஆபீஸ் பூட்டப்பட்டது. வட்டிக்குக் கொடுத்தவர்கள் புரோநோட்டோடு வந்து முதலில் நின்றார்கள். உங்கள் பத்திரமோ பங்குப் பத்திரம். லாபத்தில் பங்கு கேட்டவர் நஷ்டத்திலும் பங்கு ஏற்க வேண்டும் என்று கடன்காரர்கள் உங்கள் வீட்டின் மேலும் கை வைத்தார்கள். வீடு தப்ப வேண்டுமானால் பத்திரம் செல்லாது என்று ஆக வேண்டும். நீங்கள் முனிசீப் கோர்ட்டில் வழக்குப் போட்டீர்கள்.

வழக்கு விசாரணைக்கு வர இரண்டு வருடம் ஆயிற்று. நம் வக்கீல் இரண்டு வழி சொன்னார். மாதாமாதம் வந்த பணம் வட்டிதான், பங்கு என்று எழுதியது வெறும் பெயருக்கு என்று நீங்கள் சொன்னால், நீங்கள் பங்காளி அல்ல, கடன் கொடுத்தவர் என்று வாதாடலாம். அல்லது, லாபம் காட்டிய பொய்க் கணக்கை நம்பிக் கையெழுத்துப் போட்டதாக நிரூபிக்கலாம். அதற்குக் கணக்கைப் பார்த்த ஆள் சாட்சி. அந்த ஆள் நான்.

முதலில் உங்களைக் கூண்டில் ஏற்றினார்கள். வெள்ளைத் துப்பட்டிக்குள் உங்கள் முகம் பாதிதான் தெரிந்தது. வந்த பணம் வட்டிதானே என்று நம் வக்கீலே எடுத்துக் கொடுத்தார். நீங்கள், "வட்டின்னா நான் கையால தொட்டிருக்க மாட்டேன் ஐயா. லாபம்னுதான் தந்தாவ, லாபம்னுதான் வாங்கினேன்" என்றீர்கள். வக்கீல் கண்ணை மூடித் திறந்தார். ஒரு வழி அங்கேயே அடைந்துபோயிற்று.

இடைவேளையில் கோர்ட்டு வராந்தாவின் கோடியில் நாம் இருவரும் நின்றோம். இரண்டு வருடமாகச் சொல்லாததை அப்போது சொன்னேன். பேரேட்டை நான் திறக்கவே இல்லை என்றேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. எதிரே கோர்ட்டு வாசலில் ஒருவன் பனங்கிழங்கு விற்றுக்கொண்டிருந்தான். அவனையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். திறந்தேன், லாபம் எழுதியிருந்தது என்று நான் சொன்னால் வீடு தப்பும் என்பது நம் இருவருக்கும் தெரியும். நீங்கள் கேட்டிருந்தால் நான் அப்படியே சொல்லியிருக்கவும் கூடும்.

"அப்ப அதத்தான சொல்லணும்" என்றீர்கள். பிறகு, "அன்னைக்கே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லாட்டி. பன்னெண்டு நாளு. நானே போயிப் பாத்திருப்பேனே" என்றீர்கள். குரல் உயரவில்லை.

கூண்டில் நான் உள்ளதைச் சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல் அந்தச் சிவப்பு அட்டைப் பேரேட்டையே எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். சந்தனப் பொட்டு காய்ந்து வெடித்து அட்டையில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். முதலாளி லாபம் என்று சொன்ன வருடத்தின் நஷ்டம், பழைய கடன், சரக்கறையில் இருந்த பெட்டிக் கட்டுகளை இன்னொருவரிடம் அடகு வைத்தது, எல்லாம் நல்ல கையெழுத்தில் ஒழுங்காக எழுதியிருந்தது. அவர் உங்களிடம் வாயால் சொன்ன பொய்க்கு வேறு சாட்சி இல்லை. கணக்கில் பொய்யே இல்லை. என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூட ஐந்து நிமிடத்தில் புரிந்திருக்கும்.

"இதைப் பார்க்க விடாமல் உங்களை யாராவது தடுத்தார்களா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

வழக்குப் போயிற்று. வீடு ஏலத்துக்குப் போயிற்று. நீங்கள் இரண்டு டிரங்குப் பெட்டிகளோடு நாகலாபுரத்தில் தம்பி வீட்டுக்குப் போனீர்கள். பஸ் ஏற்ற வந்த என்னிடம், சமையலறையில் மிச்சம் இருந்த விறகை எடுத்துக்கொள்ளச் சொன்னீர்கள். அதன் பிறகும் பெருநாளுக்குப் பெருநாள் என்னைக் கூப்பிட்டீர்கள், நானும் வந்தேன். உங்கள் கேலியெல்லாம் அப்படியே இருந்தது. ஒன்று மட்டும் மாறிவிட்டது. எதையும் பார்த்துச் சொல் என்று நீங்கள் என்னிடம் கேட்கவில்லை. ரேஷன் அட்டையில் பெயர் தப்பாக இருந்தபோதுகூடத் தம்பியைத்தான் அனுப்பினீர்கள். நான் அதைக் கவனித்ததை நீங்களும் கவனித்தீர்கள் என்று நினைக்கிறேன்.

ஒன்பது வருடம் கழித்து, போன தை மாதம், தம்பி இன்னும் கையெழுத்தாகாத ஒரு கிரயப் பத்திர நகலோடு என் வீட்டுக்கு வந்தார். வழக்கெல்லாம் முடிந்த பிறகு உங்கள் வாப்பா வழியில் வந்து சேர்ந்த பசுவந்தனைக் கரிசல் துண்டை விலை பேசியிருந்தீர்கள். தெற்குப் பாதியை விற்று வைத்தியத்துக்கு வைத்துக்கொண்டு, வடக்குப் பாதியைத் தம்பி மகளுக்கு எழுதி வைப்பது உங்கள் எண்ணம். நகலைக் கொடுத்துவிட்டுத் தம்பி சொன்னார்: "அக்கா சொல்லிவிட்டாவ. டீச்சர்ட்டக் குடு, இந்தத் தடவ தொறந்து பாக்கச் சொல்லுன்னாவ."

அவர் போகும் வரை நான் முகத்தை நகலிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

நகலை மூன்று முறை படித்தேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பசுவந்தனைக்குப் போய், பக்கத்து நிலத்துக்காரரை அழைத்துக்கொண்டு நான்கு எல்லையும் நடந்தேன். பருத்தி எடுத்து முடிந்திருந்தது. செருப்பில் கரிசல் அப்பி, வீடு வரை வந்தது. விற்கும் பாதிக்கு வடக்கு எல்லை என்று பத்திரத்தில் எழுதியிருந்த வண்டிப்பாதை உங்கள் நிலத்தின் முடிவில் இருந்தது, நடுவில் அல்ல. நீங்கள் வைத்துக்கொள்ள நினைத்த வடக்குப் பாதியும் அந்தப் பத்திரத்தோடு போயிருக்கும்.

அதைத் திருத்தி எழுதி எடுத்துக்கொண்டு நாகலாபுரம் வந்தேன். கட்டிலில் சாய்ந்திருந்தீர்கள். கை குச்சியாகியிருந்தது. எல்லையைச் சொன்னேன், பாதையைச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, அந்தப் பழைய கேள்வியை அதே குரலில் கேட்டீர்கள். "எல்லாம் பாத்தியா?"

"இல்லக்கா. வில்லங்கச் சான்று இன்னும் வரல. மனு போட்டிருக்கேன். அது வராம எல்லாம் சரின்னு என்னால சொல்ல முடியாது" என்றேன்.

வைத்தியச் செலவு காத்துக்கொண்டிருந்தது. வாங்குகிறவர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். நீங்கள் என் செருப்பின் கரிசலைப் பார்த்தீர்கள், பிறகு என்னைப் பார்த்தீர்கள். "அப்ப வரட்டும். காத்துக்கிடுதேன்" என்று கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

காத்திருந்த அந்த வாரங்களில், உங்களிடம் மிச்சம் இருந்த நகையை விற்றுத்தான் வைத்தியம் நடந்தது என்று தம்பி பிறகு சொன்னார். அதற்காக அவர் என்னைக் குறை சொல்லவில்லை.

சான்றில் வில்லங்கம் எதுவும் இல்லை, அக்கா. ஒவ்வொரு வரியையும் படித்தேன், சர்வே எண்ணை மூலப்பத்திரத்தோடு ஒப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தம்பியிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன். நிலம் இப்போது என்ன ஆக வேண்டும் என்பது அவர்கள் பாடு.

பள்ளியில் பிள்ளைகள் என்னைப் பற்றி ஒரு கேலி வைத்திருக்கிறார்கள். நோட்டைத் திருத்தியாயிற்றா டீச்சர் என்று வராந்தாவில் கேட்டால், மற்றவர்களைப் போல நடந்துகொண்டே தலையை அசைத்துவிட்டு நான் போவதில்லை. நின்று, எத்தனை நோட்டு பார்த்தேன், எத்தனை பார்க்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். அது ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது.