வேட்டிக்கு ஏற்ற துப்பாக்கி

அண்ணாத்த,

இன்றைக்கு வகுப்பில் உன் வாசனை வந்தது. படாளத்தில் எங்கள் தெரு சமுதாயக் கூடத்தில் ஒரு பக்கம் பெண்களுக்குத் தையல் சொல்லித் தருகிறார்கள். மறுபக்கம் எங்களைப் போன்ற கிழங்களுக்கு எழுத்து. நான் 'ழு' போட்டுக்கொண்டிருந்தேன். அதன் வாலை எந்தப் பக்கம் வளைப்பது என்று திணறும்போது யாரோ ஒருத்தி தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கார் ஷெட் ஞாபகம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ அங்கே செய்தித்தாளை விரித்து, உன் குட்டைத் துப்பாக்கிக்கு அதே எண்ணெயைத்தானே போடுவாய்.

எனக்கு எழுத வந்துவிட்டது, அண்ணாத்த. இந்த வயதில். பஸ்ஸில் இருக்கிற பலகையைப் படிக்கிறேன், மாத்திரை அட்டையைப் படிக்கிறேன், வேறொன்றும் அகப்படாவிட்டால் தீப்பெட்டியைப் படிக்கிறேன். முதல் கடிதம் யாருக்கு எழுதப் போகிறீர்கள் என்று டீச்சர் கேட்டார். ஒருவர் பேரனுக்கு என்றார், ஒருவர் கலெக்டருக்கு என்றார். நான் பென்சில் சீவப் போய்விட்டேன். உனக்கு எழுதினால் ஒரு வசதி, பிழை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்ப மாட்டாய்.

'நீ' என்றே எழுதுகிறேன். நாலு பேர் எதிரில் உன்னை 'நீங்க' என்பேன். கார்க் கதவைச் சாத்தினால் 'நீ'. உங்கள் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர் என் அப்பா. அந்தப் பழைய கணக்கு உன் வீட்டு வாசலில் என்னை நிறுத்தி வைத்தது. காருக்குள் மட்டும் அது ஏறவில்லை. ஸ்டியரிங் பிடித்த இத்தனை வருடமும் நான் உனக்கு மச்சான்தான். இந்தத் தாளிலும் நாம் இரண்டு பேர்தான் இருக்கிறோம்.

நீயும் உன் கூட்டாளியும் கடலோரப் பக்கம் மனை வாங்கி விற்றுக்கொண்டிருந்தீர்கள். படூர் அருகே ஒரு டீக்கடை வாசலில் அவரை வெட்டிப் போட்டார்கள். கையில் டம்ளரோடு எதிரில் நின்றவன் நீ. வெட்டியவர்களை அடையாளம் சொன்னவனும் நீ. வழக்கு செங்கல்பட்டுக் கோர்ட்டில் ஊர்ந்துகொண்டிருந்தது. அவர்கள் ஜாமீனில் வெளியே வந்துவிட்டார்கள். அப்புறம் போன் வர ஆரம்பித்தது. பேசுகிறவன் திட்டவில்லை, கத்தவில்லை. நீ அன்றைக்கு என்ன சட்டை போட்டிருக்கிறாய் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவான். மனு போட்டு, போலீஸ் வந்து அக்கம்பக்கம் விசாரித்து, பல மாதம் அலைந்து உனக்கு லைசென்ஸ் கிடைத்தது.

துப்பாக்கி வாங்க மெட்ராஸுக்குப் போன நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கடைக்கார பாய் முதலில் நீளக் குழல் உள்ள ரிவால்வரை எடுத்து வைத்தார். பளபளவென்று அழகாக இருந்தது. உனக்கு அதன் மேல்தான் கண். அடுத்து, குழலே இல்லையோ என்று தோன்றுகிற மாதிரி, மூக்கறுந்த ஒன்றை அதன் பக்கத்தில் வைத்தார். எது நல்லது என்று நீ கேட்டாய். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"நீளம் இருந்தா குறி நிக்கும். குட்டையா இருந்தா இடுப்புல நிக்கும். உங்களுக்கு எது நிக்கணும்?"

குட்டையானதில் எதிரி நாலடியில் நின்றால்தான் நம்பிச் சுடலாம், கை உதறும், சத்தமும் காதைப் பிளக்கும் என்று ஒளிக்காமல் சொன்னார். நீ நீளமானதையே எடுத்து இடுப்பில் செருகிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டாய். அப்போது நான்தான் சொன்னேன், "அண்ணாத்த, நிக்கறது இருக்கட்டும். சம்மணம் போட்டு குந்திப் பாரு" என்று.

அந்தக் கடையில் பேண்ட் போட்டவர்கள்தான் வருவார்கள் போலிருக்கிறது. நீ வேட்டியை ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்ததும் பாய் எழுந்து நின்றுவிட்டார். உட்கார்ந்த வேகத்தில் அந்த நீளக் குழல் குத்தக் கூடாத இடத்தில் குத்தியது. நீ போட்ட சத்தத்தில் உள்ளேயிருந்து ஒருவர் ஓடி வந்தார். பிறகு குட்டையை வைத்துப் பார்த்தோம். சம்மணம் போட்டாய். இலையில் சாப்பிடுகிற மாதிரி குனிந்தாய். பெரியவர் காலில் விழுகிற மாதிரி விழுந்து எழுந்தாய். வேட்டியை மடித்துக் கட்டினாய், இறக்கிவிட்டாய். அதன் பின்பக்கம் கட்டைவிரலால் இழுப்பதற்கு நீட்டிக்கொண்டிருந்த கொக்கி சட்டையில் மாட்டுகிறதா என்று பத்து தடவை உருவிப் பார்த்தாய்.

"இத்தினி வருசத்துல தரையில படுத்து துப்பாக்கி வாங்கின ஆள நான் பாத்தது இல்ல சார்" என்றார் பாய்.

உன் பச்சை பெல்ட்டின் பையில் அது அடங்கவில்லை. செங்கல்பட்டில் செருப்புத் தைக்கிறவரிடம் சொல்லி உள்பக்கமாக ஒரு தோல் உறை தைத்துக்கொண்டோம். வெள்ளைச் சட்டையில் வடிவம் தெரிகிறது என்று கறுப்பும் கருநீலமுமாய்ச் சட்டை எடுத்தாய். மாதக்கணக்கில் அதையே போட்டதைப் பார்த்து, "அண்ணாத்த, மாலைய எப்போ கழட்டுவ?" என்று உன் பங்காளிகள் கேலி செய்தார்கள். நாம் இரண்டு பேரும் சிரித்தோம். இதைப் பற்றி நாம் சிரித்தது அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

அதற்கப்புறம் கார்க் கண்ணாடி இறங்கவில்லை. டீக்கடையில் நிற்பதை விட்டாய். முடிவெட்டுகிறவர் கழுத்தில் துணியைப் போர்த்தினால் கை உள்ளே மாட்டிக்கொள்ளும் என்று கடைக்குப் போவதை நிறுத்தி, வீட்டில் சுவரோரம் உட்கார்ந்து வெட்டிக்கொண்டாய். முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவன் பின்னால் போனாய். போன வழியில் திரும்பக் கூடாது, ஒரே நேரத்துக்குக் கிளம்பக் கூடாது, பின்னால் இரண்டு திருப்பம் தொடர்ந்து ஒரே வண்டி வந்தால் சொல்ல வேண்டும். எல்லாம் எனக்கும் பாடமாகிவிட்டது. வேலையை விட்டுவிடு என்று என் வீட்டுக்காரி சண்டை போட்டாள். எப்படி விடுவது? உன் வழிகள் அத்தனையும் தெரிந்த ஆள் நான். வெளியே போய்விட்டால் உனக்கு என் மேலேயும் பயம் வந்துவிடும்.

மாமல்லபுரம் வழியாகப் போனால் மணலில் நின்று வறுத்த மீன் தின்னாமல் முன்பெல்லாம் நாம் திரும்பியதில்லை. அந்த வருடங்களில் கடலைக் கண்ணாடி வழியாகவே பார்த்தோம். ஒரு தடவை வண்டியை ஓரமாக நிறுத்தினேன். கதவைத் திறந்து ஒரு காலை மட்டும் மணலில் வைத்தாய். அங்கே பட்டம் விற்றுக்கொண்டிருந்த ஒருவன் நம்மை நோக்கி நடந்து வந்தான். காலை உள்ளே இழுத்துக்கொண்டு, "எடு மச்சான் வண்டிய" என்றாய்.

உன் பெண்ணுக்குக் கல்யாணம் குதிர்ந்தது. திருவிடந்தையில் பெருமாள் கோயில் பக்கத்து மண்டபம். கோயிலுக்குள்ளோ மண்டபத்துக்குள்ளோ துப்பாக்கி கொண்டு போகக் கூடாது என்று விதி இருப்பது உனக்குத் தெரியும். வீட்டிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வா என்று அண்ணி முதல் நாள் முழுக்கச் சொன்னார். நீ கேட்கவில்லை. சட்டைக்குள்தானே கீது, யாருக்குத் தெரியப் போகிறது என்று சொல்லிவிட்டாய். புதிதாக எடுத்த பட்டு வேட்டியோடு ஒத்திகைகூடப் பார்த்தாய்.

காலையில் மண்டபத்து வாசலில் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். நீ இறங்கப் போகும்போது அண்ணியின் தம்பி வந்து கண்ணாடியைத் தட்டி, தாரை வார்க்க ஐயர் கூப்பிடுகிறார், சட்டையைக் கழற்றிவிட்டுத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வரச் சொன்னார் என்று சொல்லிவிட்டு ஓடினார்.

உட்கார்ந்து பார்த்தோம், குனிந்து பார்த்தோம், விழுந்து பார்த்தோம். சட்டையைக் கழற்றிப் பார்க்கவில்லை, அண்ணாத்த. ஊரில் எத்தனை கல்யாணம் பார்த்திருக்கிறோம். பெண்ணைப் பெற்றவன் வெற்று உடம்போடு மணையில் உட்காருவான் என்பது நம் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லையே.

நீ சீட்டில் அப்படியே சாய்ந்துவிட்டாய். நாதஸ்வரம் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் அண்ணியே வந்தார். பட்டுப் புடவை, நெற்றியெல்லாம் வியர்வை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"பொண்ணோட நைனா எங்கன்னு கேக்கறாங்க. இன்னான்னு சொல்றது?"

"இத்த கழட்டி எங்க வெக்கிறது?" என்றாய் நீ.

"நீ பெத்தது அதயா, அவளயா?"

அவ்வளவுதான் கேட்டார். திரும்பிப் போய்விட்டார். உன் சித்தப்பாவிடம் தாரை வார்க்கச் சொல்லிவிடலாமா என்று நீ என்னைக் கேட்டாய். நான் டாஷ்போர்டைத் திறந்து வைத்தேன்.

பெல்ட்டை அவிழ்த்தாய். ரவைகளை எல்லாம் உருவி, துண்டின் ஓரத்தில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாய். வெறும் துப்பாக்கியை டாஷ்போர்டில் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடமே கொடுத்தாய். கதவை உள்பக்கமாகப் பூட்டிக்கோ, யார் வந்தாலும் திறக்காதே என்றாய். சட்டையைக் கழற்றினாய். மண்டபத்துப் படியேறும்போது உன் முதுகைப் பார்த்தேன். அத்தனை வருடம் கூடவே இருந்தும் அதை நான் கண்டதில்லை. வெள்ளையாக, வெயில் படாத முதுகு. ஒவ்வொரு படிக்கும் அதைச் சுருக்கிச் சுருக்கி ஏறினாய்.

நான் கதவைப் பூட்டிக்கொண்டேன். கண்ணாடியை ஏற்றினேன். ஏசி போட இன்ஜினை ஓட்டினால் யாராவது பார்ப்பார்கள் என்று அணைத்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில் உடம்பு முழுக்க நனைந்துவிட்டது. பூக்காரி ஒருத்தி வண்டியைச் சுற்றிக்கொண்டு போனாள். ஏன் சுற்றுகிறாள்? இரண்டு பேர் மரத்தடியில் பீடி பிடித்தார்கள். மண்டபத்துக்குள் போகாமல் இங்கே என்ன பீடி? பைக்கில் ஒருவன் வந்து நின்று போன் பேசினான். அவன் சட்டை நிறம், செருப்பு, கைப்பை எல்லாவற்றையும் மனதில் எழுதிக்கொண்டேன். எழுத்தே தெரியாத காலத்தில் மனதில் எழுதுவதற்கு எனக்குக் குறைச்சல் இல்லை.

திடீரென்று பக்கத்துக் கண்ணாடியில் தட்டு விழுந்தது. வெயிலில் முகம் தெரியவில்லை. மூடிய கை ஒன்று மட்டும் தெரிந்தது. என் கை டாஷ்போர்டுக்குப் போய்விட்டது, அண்ணாத்த. சாவியைப் போட்டுத் திருப்பியும்விட்டேன். காலி என்று எனக்குத் தெரியும். ரவை உன் இடுப்பில் இருக்கிறது என்றும் தெரியும். சுட எனக்குத் தெரியாது என்பதும் தெரியும். எல்லாம் தெரிந்தும் அதன் பிடி என் உள்ளங்கைக்குள் வந்துவிட்டது.

வெளியே நின்றவர் அண்ணியின் தம்பி. கையை விரித்தார். மஞ்சள் அட்சதை. "அக்கா குடுத்தாங்க. உள்ள வர முடியலன்னா இங்கேர்ந்தே போடுவியாம்" என்றார். டாஷ்போர்டை மூடிவிட்டுக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வாங்கிக்கொண்டேன். கெட்டிமேளம் கேட்டதும் அந்த இடுக்கு வழியாகவே மண்டபத்தைப் பார்த்து வீசினேன். பாதி என் மடியில் விழுந்தது.

நீ வந்தாய். மார்பெல்லாம் சந்தனம், கண் சிவந்திருந்தது. அந்த முடிச்சு இடுப்பில் குத்திக்கொண்டே இருந்தது என்றாய். ஆனாலும் உன் முகம் நான் பழைய நாளில் பார்த்த முகமாக இருந்தது. முன் சீட்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். நடந்ததை அப்போதே உன்னிடம் சொன்னேன்.

"காலி துப்பாக்கி மச்சான் அது."

"தெரியும் அண்ணாத்த."

நீ என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாய். பிறகு, "உனக்கும் ஒட்டிகிச்சா" என்றாய். சட்டையைப் போட்டுக்கொண்டு, பெல்ட்டைக் கட்டி, ரவையை ஒவ்வொன்றாக அடைத்து, இறங்கிப் பின் சீட்டுக்குப் போய்விட்டாய். மாப்பிள்ளை வீட்டுப் பந்தியில் உனக்கு இலை போட்டுக் காத்திருந்தார்கள்.

வழக்கு முடிந்தது. உள்ளே போக வேண்டியவர்கள் போனார்கள். போனும் நின்றது. நீ மட்டும் பெல்ட்டைக் கழற்றவில்லை. ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்த இடத்தில் நெஞ்சு வலி வந்து போனாய். உன்னைக் கொல்ல யாரும் வரவில்லை. துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க அண்ணியை நான்தான் கூட்டிப் போனேன். காய்கறி வாங்குகிற பையில் வைத்து மடியில் பிடித்துக்கொண்டு வந்தார். எத்தனை தடவை சுட்டிருக்கிறார் என்று ஏட்டு கேட்டார். ஒரு தடவைகூட இல்லை என்று அண்ணி சொன்னார். "அப்போ நல்லாத்தான் கீது" என்று சொல்லி உள்ளே எடுத்துப் போனார்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். துப்பாக்கியைத்தான் ஒப்படைத்தோம். மற்றதெல்லாம் என்னிடம் இருக்கிறது. பஸ்ஸில் கடைசி சீட்டு கிடைத்தால்தான் உட்காருகிறேன். சாவு வீட்டிலும் சுவரோரம் தேடுகிறேன். வகுப்பிலும் கதவைப் பார்த்த மாதிரி மூலையில்தான் என் இடம். தாத்தா முன்னால் வாங்க என்று டீச்சர் கூப்பிட்டால், தூரத்தில் இருந்தால்தான் கரும்பலகை எனக்குத் தெளிவாகத் தெரியும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். யார் வந்தார், யார் போனார், என்ன சட்டை, எல்லாம் சொல்லுவேன். வேண்டாம் என்றாலும் கண் போய்விடுகிறது.

இந்தக் கடிதத்தை அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். எழுத உட்கார்ந்த பிறகு இப்போதுதான் தலையைத் தூக்குகிறேன், கூடத்தில் யாரும் இல்லை. தையல்காரப் பெண்கள் மிஷின்களைத் துணி போட்டு மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். என் முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் டீ, ஆடை கட்டி ஆறிக் கிடக்கிறது. யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்று தெரியவில்லை, அண்ணாத்த. சத்தியமாகத் தெரியவில்லை.