மண் போட்டுத் தேய்த்த தூக்கு

7-8-1966, ஞாயிறு

பூசைக்குப் போய்வந்தோம். மத்திக் குழம்பில் மருமகள் உப்பைக் கூட்டிவிட்டாள். போன மாதம் மூன்றாம் ஞாயிறும் கூட்டினாள். கேட்டால் இல்லை என்பாள். அதற்காகத்தான் எழுதி வைக்கிறேன்.

9-8-1966, செவ்வாய்

அமலுவுக்கு வேலை உத்தரவு வந்துவிட்டது! சிதம்பரம் டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டர். செப்டம்பர் முதல் தேதி சேர வேண்டும். உறையில் சர்க்கார் முத்திரை. இந்த வீட்டுக்கு அப்படி ஒரு காயிதம் இதற்கு முன் ஒரே முறைதான் வந்தது. என் கொழுந்தன் பட்டாளத்தில் செத்துப்போனதைச் சொல்ல வந்தது.

அமலோற்பவம் என் மகன் யாகப்பனின் மூத்த பெண். பெயர் வைத்தவள் நான். காயிதம் இங்கிலீஷில் இருந்தது. அவள் பெயர் எந்த இடத்தில் என்று காட்டச் சொல்லி விரலால் தடவிப் பார்த்தேன்.

என்னை மூன்றாம் வகுப்போடு நிறுத்தியவர் என் சித்தப்பா. "பொட்டப்புள்ள எழுதக் கத்துக்கினு யாருக்குடி காயிதம் போடப் போறா?" என்றார். 1915-ஆம் வருஷம், ஆடி மாதம், வெள்ளிக்கிழமை. அவர் சாவுக்குப் போனேன். அழவில்லை.

10-8-1966, புதன்

யாகப்பன் சரக்குக் கிட்டங்கி வேலை முடிந்து வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"எங்கம்மா தங்குவா? ஒரு வாரம் காலைல ஏழு மணி டூட்டி, ஒரு வாரம் ராத்திரி எட்டு மணி வரைக்கும் டூட்டி. முதுநகர்லேருந்து பஸ்ல போயிட்டு வர்ற வேலையா இது?"

"வாடகைக்கு வூடு எடுக்கலாம்டா. நான் கூட இருக்கேன்."

"நீயா? இந்த வயசுல அந்நிய ஊர்லயா?"

"உன்னைக் கேட்டுக்கினாடா எனக்கு வயசாச்சு?"

கடைசியில் ஒரு கெடு வைத்தான். மாதக் கடைசிக்குள் மரியாதையான வீடு கிடைக்க வேண்டும். இல்லையென்றால் வேலை வேண்டாம் என்று அவனே எழுதிப் போட்டுவிடுவானாம். கம்மாபுரத்து மாப்பிள்ளை வீட்டார் தை மாதமே கல்யாணம் வைக்கச் சொல்லி அமலுவைக் கேட்கிறார்களாம்.

அமலு உறையை மடித்துப் பைபிளுக்குள் வைத்தாள். என் சித்தப்பாவை அவள் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன்.

13-8-1966, சனி

பாசஞ்சரில் நானும் அமலுவும் சிதம்பரம் போனோம். கீழவீதிப் பக்கம் வெற்றிலைக்கடை வைத்திருக்கும் உத்திராபதி என்பவர்தான் வீடு பார்த்துக் கொடுப்பவர். நல்ல மனுஷன்தான், வாய் ஜாஸ்தி.

முதல் வீட்டுக்காரி கதவைப் பாதி திறந்தாள். "ரெண்டு பொம்பளைங்களா? ஆம்பளைத் தொணை?" என்றாள். "நான் இருக்கேனே" என்றேன். மீதிக் கதவையும் சாத்திக்கொண்டாள்.

இரண்டாவது வீட்டில் கிணறு, கொல்லை, எல்லாம் ஒழுங்காக இருந்தது. டூட்டி நேரத்தைச் சொன்னோம். "எட்டு மணிக்கு மேல வூடு வர்ற பொண்ணா? தெரு இன்னா பேசும்?" என்றார் அந்த ஆள். அவர் வாயில் புகையிலை. தெருவுக்கு முன்னாலேயே இவர் பேசிவிடுவார் என்று பட்டது.

திரும்பி வரும்போது பரங்கிப்பேட்டை தாண்டும்வரை அமலு ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

15-8-1966, திங்கள்

மாதா திருநாள். வீட்டுக்காக ஒரு மெழுகுவர்த்தி. அந்தப் புகையிலைக்காரருக்காக ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை.

20-8-1966, சனி

இன்று நடந்ததை விடாமல் எழுத வேண்டும்.

மறுபடி சிதம்பரம். தெருமுனையில் உத்திராபதி நின்றார். "ஆயா, கழுத்துல இருக்கிறதைக் கொஞ்சம் ரவிக்கைக்குள்ள போட்டுக்குங்க. சபாபதி ஐயா வூடு. நல்ல வூடு. கேட்டாக்க நான் பேசிக்கிறேன்."

நான் — எழுதவே கை கூசுகிறது — என் சிலுவையை உள்ளே தள்ளினேன். மாதம் முடிய பதினோரு நாள்தானே இருக்கிறது? கம்மாபுரம்தான் கண்ணில் நின்றது.

சபாபதி ஐயா வீட்டுக் கூடத்தில், குரோசா விரிப்பின் மேல், டெலிபோன் இருந்தது. "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார். "எல்லாம் நம்ம பக்கத்து ஆளுங்கதாங்க" என்றார் உத்திராபதி. நான் சுவரைப் பார்த்தேன்.

அமலு தன் சிலுவையை வெளியே எடுத்துப் போட்டாள். "நாங்க வேதக்காரங்க ஐயா. பொய் சொல்லி உள்ள வந்தா, இருக்கிற வரைக்கும் தெனமும் பொய் சொல்லணும்."

அவர் தொண்டையைக் கனைத்தார். "அப்ப தோதுப்படாதும்மா."

"பரவால்லைங்க" என்றாள். டெலிபோனைக் காட்டினாள். "ஒண்ணாந்தேதிக்கு மேல நீங்க அதை எடுத்தா நம்பர் கேக்கப்போறது நான்தான். நல்லபடியாவே போட்டுக் குடுப்பேன்."

இருபது வயசு. வெளியே வந்ததும் என் சிலுவையை நானும் எடுத்து வெளியே போட்டேன். அவள் பார்த்தாள். ஏதாவது சொல்லியிருந்தால் தாங்கியிருக்க மாட்டேன்.

உத்திராபதி தலையில் அடித்துக்கொண்டு, "இன்னும் ஒண்ணே ஒண்ணு இருக்கு. லால்கான் தெருவுல ஒரு பாய் வூட்டம்மா, புருஷன் இல்லாதவங்க, முன்கட்டை விடுறாங்க" என்றார். போனோம். இரண்டு அறை, தனி அடுப்பங்கரை, தனி வாசல். டெலிபோன் ஆபீஸ் நடை தூரம். வாடகையும் யாகப்பனுக்குக் கட்டுப்படியாகும். "வேதக்காரங்களா? இருக்கட்டும். டூட்டியா? இருக்கட்டும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அமலு என் கையை அழுத்தினாள்.

பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அந்தம்மா வெளியே வந்தாள்.

சலீமா பீவி.

முதுநகரில் எங்கள் அடுத்த வீட்டில் மருமகளாக வந்து நான்கு வருஷம் இருந்த அதே சலீமா. எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது. "இன்னாசிக்கா..." என்று என்னைக் கூப்பிட்டாள்.

"வா அமலு, ரயிலுக்கு நேரமாச்சு" என்று நடந்துவிட்டேன்.

21-8-1966, ஞாயிறு

அமலு என்னோடு பேசவில்லை. அவளுக்குத் தெரியாது. இங்கே எழுதுகிறேன்.

1943, கிறிஸ்துமஸ். யுத்த காலம். மூன்று நாளாக நான் கோயிலில் குடில் ஜோடிக்கும் வேலையில் இருந்தேன்; சாமியாரே என்னைத்தான் கூப்பிட்டார். அதிரசம் சுட்டது என் மாமியார். அப்படி மெதுவான அதிரசம் அதற்கு முன்னும் பின்னும் நான் தின்றதில்லை. ஆறு தின்றேன். என் தாய்வீட்டுப் பித்தளைத் தூக்கில் அடுக்கி நானே சலீமாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மத்தியானம் பார்க்கிறேன், கொல்லைக் குப்பைமேட்டில் அத்தனை அதிரசமும். காக்கை கொத்துகிறது. தெருவே பார்த்தது. சாயந்திரம் தூக்கு திரும்பி வந்தது. கையில் தரவில்லை, வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள். மண் போட்டுத் தேய்த்திருந்தாள், கீறல் விழும்படி. நாங்கள் என்ன தீட்டா? உள்ளே ஒன்றுமில்லை. ஒரு பிடி சர்க்கரைகூட இல்லை. யார் வீட்டு ஏனத்தையாவது வெறுமையாகத் திருப்புவார்களா? சாவு வீட்டில்கூடச் செய்ய மாட்டார்களே!

அவள் கையால் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை என்று அன்று சொன்னேன். அவள் வீட்டில் குடியிருப்பதா?

23-8-1966, செவ்வாய்

அமலுவிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். "ஒரு தூக்குக்காவா ஆயா?" என்றாள்.

24-8-1966, புதன்

கம்மாபுரத்திலிருந்து ஆள் வந்து போனான்.

26-8-1966, வெள்ளி

என் நாத்தனார் சவரிமேரி குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்தாள். வேளாங்கண்ணிக்கு நடக்கிறாள், காவிப்புடவை. மாதாவிடம் போகுமுன் யார் யாரிடம் மனஸ்தாபமோ அவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டுப் போகிறாளாம். என்னிடம் என்ன மனஸ்தாபம் என்றேன். சலீமா வீட்டுக் கதையை என் மருமகள் அவளிடம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறாள். (உப்பைப் பற்றித்தான் வாய் திறக்க மாட்டாள்.)

சவரிமேரி முந்தானையை முறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"அண்ணி, அந்த வருஷம் எண்ணெய் ஏது? கியூவுல நின்னு வெறுங்கையோட வந்தாங்க அம்மா. பன்னி அடிச்ச கொழுப்பு இருந்திச்சு. அதுலதான் அதிரசம் சுட்டாங்க. நீங்க கோயில்ல இருந்தீங்க. சலீமாவுக்குக் குடுப்பீங்கன்னு எனக்கு இன்னா தெரியும்? நீங்க குடுத்துட்டு வந்ததும் கெணத்தடிக்கு ஓடிப் போயி, 'திங்காதடி, பன்னிக் கொழுப்பு'ன்னு நான்தான் சொன்னேன். எங்கம்மா பேரு கெட்டுடும், யார்கிட்டயும் சொல்லாதேன்னு அவ கையப் புடிச்சி அழுதேன். அவ சொல்லல."

கொழுப்பால் வந்த மெதுவு அது! ஆறு தின்றேனே. நாக்குக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை! என் ஞாபகம், என் ஞாபகம் என்று இத்தனை வருஷம் —

"இருபத்துமூணு வருஷம்டி" என்றேன்.

"நீங்க கோவக்காரங்க அண்ணி. பயந்துட்டேன்."

மாதாவிடம் அவள் நடந்து போகட்டும். மாதா மன்னிப்பாள். நான் மாதா இல்லை.

27-8-1966, சனி

பரணிலிருந்து தூக்கை இறக்கினேன். புளி போட்டுத் தேய்த்தேன், கீறல் போகவில்லை. நிறையச் சர்க்கரை கொட்டிக்கொண்டு அமலுவோடு ரயிலேறினேன்.

சலீமா கதவைத் திறந்தாள். மன்னிப்பு என்ற வார்த்தை என் வாயில் வராது, வரவுமில்லை. தூக்கை நீட்டினேன். "அன்னைக்கு வெறுமையாத் திருப்பிட்டே. ஏனம் அப்படிக் கெடக்கக் கூடாது. ரொப்பிக் கொண்டாந்திருக்கேன்."

அவள் மூடியைத் திறந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "சர்க்கரைதானேக்கா? இதுல ஒண்ணும் பொரிக்கலியே?" என்றாள்.

சிரித்துவிட்டேன். அவளும். அமலு எங்கள் இருவரையும் பைத்தியங்களைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"ஏழு தண்ணி ஊத்திக் கழுவுனேன்க்கா. அதுல ஒரு தண்ணி மண்ணு. எங்க மார்க்கத்துல பன்னி பட்டதுக்கு அப்படித்தான் கழுவணும். உங்களைத் தீட்டுன்னா நெனச்சேன்? உள்ள ஏதாச்சும் போட்டுக் குடுக்கணும்னு மனசு அடிச்சிக்கிச்சு. போட்டா ஈஸ்டருக்கு மறுபடி அனுப்புவீங்க. அதையும் குப்பைல கொட்டச் சொல்றீங்களா? அதான் வெறுமையா வெச்சேன்."

"வாய் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"சவரிமேரிக்கு வாக்குக் குடுத்துட்டேனே. அதுவுமில்லாம, எங்க வூட்டு ஆம்பளைங்க காதுல விழுந்தா ஜமாத் வரைக்கும் போயிருக்கும். ரெண்டு தெருவும் அடிச்சிக்கிட்டிருக்கும். திமிர் புடிச்சவன்னு என்னைச் சொன்னாச் சொல்லிட்டுப் போறாங்கன்னு இருந்துட்டேன்."

அந்தத் தெருவில் அப்படிச் சொன்னவர்களில் முதல் ஆள் நான். அவளுக்கும் அது தெரியும். இரண்டு பேரும் அதைப் பேசவில்லை.

தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்தேன்.

நிபந்தனை ஒன்றே ஒன்று: பன்றிக்கறி வீட்டுக்குள் வரக்கூடாது. "முதுநகர் போறப்ப தின்னுக்கிறேன்" என்றேன். "வாயக் கொப்புளிச்சிட்டு வாங்க" என்றாள்.

31-8-1966, புதன்

குடி வந்தாயிற்று. யாகப்பன் வந்து கதவு, தாழ்ப்பாள், கிணறு, எல்லாவற்றையும் ஆட்டிப் பார்த்தான். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தோணியார் படத்தை எங்கே மாட்டுவது என்று அமலு தயங்கினாள். சலீமாவே ஆணியும் சுத்தியலும் கொண்டுவந்து கொடுத்தாள்.

1-9-1966, வியாழன்

காலை ஆறரைக்கு என் பேத்தி சர்க்கார் வேலைக்குப் போனாள். வாசலில் நின்று தெருமுனை வரை பார்த்தேன். சித்தப்பா பார்க்கவில்லை. பரவாயில்லை, நான் பார்த்தேன்.

17-10-1966, திங்கள்

சபாபதி ஐயா இன்று டிரங்கால் கேட்டாராம். மதராஸ். குரலிலேயே கண்டுகொண்டாளாம். சீக்கிரமே போட்டுக் கொடுத்தாளாம். "நன்றிம்மா, யாரு பெத்த பொண்ணோ" என்றாராம். "சொன்னியா?" என்றேன். "ஆபரேட்டர் பேரு சொல்லக்கூடாது ஆயா" என்று சிரித்தாள். நான் தெருவில் நான்கு பேரிடம் சொல்லிவிட்டேன்.

20-11-1966, ஞாயிறு

கம்மாபுரத்தாருக்கு வேறு பெண் பார்த்தாயிற்றாம். யாகப்பன் வந்து சொன்னான். மகளின் டூட்டி அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

2-12-1966, வெள்ளி

சவரிமேரி காயிதம் போட்டிருக்கிறாள். நலம், நலமறிய ஆவல். பதில் போடவில்லை.

25-12-1966, ஞாயிறு

அமலுவுக்கு இன்றும் டூட்டி. சலீமாவுக்கு நோன்பு. ஆகவே கிறிஸ்துமஸ் அதிரசத்தைச் சாயந்திரம் சுட்டேன், கொல்லையில் அடுப்பு வைத்து, எல்லோரும் பார்க்கிற மாதிரி. நல்லெண்ணெய் டின்னின் மூடியை அவள் கண் முன்னால்தான் உடைத்தேன். "நான் ஒண்ணும் கேக்கலியேக்கா" என்றாள். "பாத்துக்கோ" என்றேன்.

நோன்பு திறக்கும் நேரத்துக்குத் தூக்கில் அடுக்கிக் கொடுத்தேன். பள்ளிவாசலில் பாங்கு சொன்னது. அவள் பேரீச்சம்பழம் கடித்து, தண்ணீர் குடித்து, அடுத்ததாக என் அதிரசத்தைத்தான் பிய்த்தாள்.

அமலு வந்ததும் தூக்கு திரும்பி வந்தது. கையில் கொடுத்தாள். கனமாக இருந்தது. நோன்புக் கஞ்சி, கழுத்துவரை.

அதிரசம் கொஞ்சம் முறுகித்தான் போயிருந்தது. அந்த வருஷத்து மெதுவு வரவில்லை. வர வேண்டாம்.